குடை பிடித்தவர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு வாரமலரில் பழைய ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்துப் பெண்களின் எண்ணெய் வர்ண ஓவியங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சித்திரம் படிப்பிக்கிற எனக்கு அதைப் பார்த்துச் சரியான சந்தோஷம். ஆனால் அதில் பெரிதாகப் போட்ட படம்தான் என்னை எழுத வைத்தது.

அது 1623 இல் இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் ஓவியர் வான் டைக் வரைந்த எலேனா கிரிமால்டி என்ற சீமாட்டியின் ஓவியம். நீங்கள் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். முழு ஓவியம் கிட்டத்தட்ட 8 அடி உயரம். கறுப்பு உடுப்போடு அவர் நடந்து வர, பின்னால் ஓர் ஆபிரிக்கப் பணியாள் சிவப்புக் குடையொன்றை அவர் தலைக்கு மேல் பிடித்து வருகிறார். அந்தக் குடைதான் படத்தின் உயிர்: தூணும் மங்கல் வானமும் கறுப்புத் துணியுமாக இருக்கிற இடத்தில் அந்தச் சிவப்பு வட்டம் விரிந்து நிற்பதால்தான் நம் கண் நேரே முகத்துக்குப் போகிறது, மணிக்கட்டில் இருக்கிற சிவப்புப் பட்டிகள் அதே நிறத்தைக் கீழேயும் கொண்டுவருகின்றன. உங்கள் படத்தில் தலைக்குப் பின்னால் ஏதோ சிவப்புத் துண்டு தெரிகிறது, அவ்வளவுதான். நல்லூரில் சுவாமி வெளிவீதி வரும்போது குடையும் ஆலவட்டமும் பிடிக்கிறவர்களை விட்டுவிட்டு நாங்கள் படம் எடுப்போமா?

குடை பிடித்தவரை வெட்டியது எனக்கு இன்னும் வருத்தம். அந்தக் காலத்து ஜெனோவாப் பணக்கார வீடுகளில் ஆபிரிக்க அடிமைகள் இருந்தார்கள். அந்த நகரத்து வங்கிக்காரர்கள் கடன் கொடுத்தது ஸ்பெயின் மன்னருக்கு, போர்த்துக்கலையும் அப்போது ஆண்டவர் அவரே. அந்தப் போர்த்துக்கேயர்தான் இந்த ஓவியத்துக்கு 4 வருடம் முன்னர், 1619 இல், யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். எங்களுக்குச் சம்பந்தமில்லாத படம் இல்லை இது.

அதே ஜெனோவாவில் 1606 இல் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த பிரிஜிடா ஸ்பினோலா டோரியா என்ற சீமாட்டியின் ஓவியமும் முதலில் முழு உருவம். பின்னாளில் யாரோ ஓரங்களை வெட்டிவிட்டார்கள், இப்போது கால்கள் இல்லை. இரண்டும் வொஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கின்றன. வெட்டின ஓவியத் துணியை இனி ஒட்ட முடியாது, ஆனால் உங்களால் அடுத்த ஞாயிறு எலேனாவின் படத்தை முழுதாக, வர்ணத்தில் போட முடியும். தயவுசெய்து போடுங்கள், படக்குறிப்பில் குடை பிடித்தவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வெட்டிக்கொண்டு போய்க் காட்டக் காத்திருக்கிறேன்.

சித்திர ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்