சுவர் வரை கூட வந்தவர்களுக்கு

என் புகைப்படக் கண்காட்சி முடிந்து, கடைசி ஆணியையும் பிடுங்கி, சுவரில் விழுந்த ஓட்டைகளைப் பூசிவிட்டு நேற்று ராத்திரிதான் வந்தேன். தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன், தூக்கம் வரவில்லை. யார் பெயரையும் போடப்போவதில்லை, படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி பிரின்ட் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கு. இத்தனை வருஷமாக நிலக்காட்சி எடுக்கிறேன், ஆனால் என் படங்களைத் திரையில்தான் பார்த்திருக்கிறேன் என்பதே அவர் மேஜை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. விடியற்காலைப் பள்ளத்தாக்குப் படத்தின் முதல் டெஸ்ட் பிரின்ட் வந்ததும் மெஷினில்தான் கோளாறு என்று சண்டைக்குப் போனேன், அவ்வளவு இருட்டு, மரங்களின் நிழலெல்லாம் மை கொட்டினமாதிரி. அவர் பதில் பேசவில்லை. என் லேப்டாப்பின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, பிரின்டை அதன் பக்கத்தில் வைத்து "இப்போ பாருங்க" என்றார். இரண்டும் ஒன்றாக இருந்தன! திரை தானே ஒளிவிடுகிறது, தாளுக்கு அதன்மேல் விழுகிற வெளிச்சம் மட்டும்தான். நான் வருஷக்கணக்காகத் திரையைக் கூச்சமெடுக்கும் அளவுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்திருக்கிறேன். அப்புறம் அந்தத் தாளுக்கான கலர் புரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்கிற கோப்பைப் போட்டு, நிழல்களைக் கொஞ்சம் தூக்கி, துண்டு துண்டாக நாலு டெஸ்ட் பிரின்ட். நாலாவதில் நான் சலித்துக்கொண்டபோது, அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த புகழ்பெற்ற நிலா உதயப் படத்தை வாழ்நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் பிரின்ட் போட்டார், வருஷம் போகப் போக வானத்தை இன்னும் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார் என்று சொல்லி என் வாயை அடைத்தார்.

என் கேமரா 24 மெகாபிக்சல். படத்தின் நீளம் 6000 புள்ளி, பிரின்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வகுத்தால் 20 அங்குலம்தான் வருகிறது, எனக்கோ 30 அங்குலம் வேண்டும். "அவ்ளோ பெரிய படத்தை யாரும் மூக்கை ஒட்டிவெச்சுப் பார்க்க மாட்டாங்க, 200 போதும்" என்று சொன்னதும் அவர்தான். சரியாகத்தான் இருந்தது. மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப்போலக் கேமரா வைத்திருப்பவர்கள்.

அடுத்தது, 140 படத்தை 22 ஆக்கிய தோழிக்கு. எல்லாவற்றையும் போஸ்ட்கார்டு அளவில் போட்டுத் தரையில் பரப்பி, கருணையே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போனாள். மூன்று நாள் விடாமல் இருட்டில் மலையேறி எடுத்த ஒரு படத்தை அவள் கவிழ்த்தபோது, இதற்கு நான் பட்ட பாடு தெரியுமா என்று கத்தினேன். "நீ குளிர்ல நின்னது படத்துல தெரியலையே" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே அதை எடுத்துப் பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை. (அந்தப் படம் இப்போது என் அறையில் மாட்டியிருக்கிறது, அதை அவளால் தடுக்க முடியாது.)

வழியில் விரிசல் விட்ட கண்ணாடியை ஒரே ராத்திரியில் மாற்றிக் கொடுத்த ஃபிரேம்காரருக்கும் நன்றி. பளபளக்காத கண்ணாடி போடச் சொல்லி அவர் எத்தனையோ தடவை சொன்னார், சாதாரணமே போதும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். விளைவு, வாசலுக்கு எதிரே மாட்டிய இரண்டு இருண்ட படங்களில் வந்தவர்கள் தங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் தலையே வாரினார்! ஏணியை விட்டு இறங்காமல் ஒவ்வொரு விளக்கையும் திருப்பித் திருப்பி, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் கண்ணுக்கு வராமல் தரைக்குப் போகிற சாய்வைக் கண்டுபிடித்த தம்பியால்தான் மற்ற படங்களாவது பிழைத்தன.

படம் மாட்டுவதில் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம். ஃபிரேம் உயரம் 24 என்றால் பாதி 12-ஐக் கூட்டி, ஃபிரேமின் பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ, சரி 3 என்று வைத்துக்கொள்வோம், அதைக் கழித்தால் ஆணி 66-இல். அரங்கைப் பார்த்துக்கொள்கிற அய்யா இதை மனக்கணக்காகச் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் குறித்தேன், அப்படியும் இரண்டு இடத்தில் தப்பாக அடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் ரசமட்டத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஆள் வந்தாலே நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டபோது, எனக்குப் பதிலாக வாசலில் நின்று பேசிய அக்காவுக்கு நன்றி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடாமல் இரண்டு வரி எழுதியவர்களுக்கும்.

இரண்டாம் நாள் ஒரு சின்னப் பெண் ஏரிப் படத்தைப் பார்த்து "தண்ணி சாய்ஞ்சிருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே ரசமட்டத்தை எடுத்து வைத்தேன், ஃபிரேம் நேராகத்தான் இருந்தது. அவள் நகரவில்லை. அப்புறம்தான் எதிர்க்கரையை உற்றுப் பார்த்தேன், படமே அரை டிகிரி சாய்ந்திருக்கிறது. நானும் தோழியும் பிரின்ட் அண்ணனும் எத்தனை தடவை பார்த்த படம்! வேறு வழியில்லாமல் ஃபிரேமைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினேன், தண்ணீர் நேரானது, அவளும் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வந்தவர்களில் பாதிப் பேர் ஃபிரேம் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அய்யா, உங்கள் ரசமட்டம் என் பையிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.