தொட்டியில் திமிங்கலம் வேண்டாம்: வரும் முன்பே சட்டத்தில் எழுதக் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்:
தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன் ஒருவன்.

பொருள்: திமிங்கலம், டால்ஃபின் காட்சிக்கூடங்களுக்கான தடையைச் சட்டமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2016 பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு மணப்பாடு கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். இருட்டில் முதலில் பார்த்தபோது ஏதோ படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன என்றுதான் நினைத்தோம், கிட்டே போன பிறகுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. பைலட் திமிங்கலங்கள். கரை நெடுக 80-க்கும் மேல். உருண்டை மண்டை, பளபளவென்று கருப்புத் தோல், உச்சந்தலையில் இருக்கும் துளை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயசான மனுஷன் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். சாக்கை நனைத்து முதுகில் போட்டோம், குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம், கயிறு கட்டிப் படகில் ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டோம். விட்டவை திரும்பி வந்தன. மறுபடியும் இழுத்துப் போய் விட்டோம், மறுபடியும் வந்தன. கடைசியில் 40-க்கும் மேல் செத்துப்போய், குழி தோண்டிப் புதைத்தார்கள்.

காரணம் பற்றி விஞ்ஞானிகள் பலவிதமாகச் சொன்னார்கள், அதெல்லாம் அவர்கள் வேலை. கரையில் நின்ற எனக்குப் பட்டது ஒன்றுதான்: கிடக்கிற தன் கூட்டத்தை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனம் வரவில்லை. 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கின, அதைப் பார்த்த பெரியவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கடலில் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு திமிங்கலமும் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டதுதான். கிஸ்கா என்ற ஓர்காவை, அதாவது கருப்பு வெள்ளைக் கொலையாளித் திமிங்கலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் ஐஸ்லாந்து கடலில் பிடித்தபோது அதற்கு மூன்று வயதுதான் இருக்கும். கனடாவில் நயாகரா பக்கம் மரைன்லேண்ட் பூங்காவில் அடைத்தார்கள். அங்கே ஐந்து குட்டி போட்டது, ஐந்தும் செத்தன. 2011-க்குப் பிறகு தன் இனத்தில் துணைக்கு ஒன்றுகூட இல்லை, தனியாகவே இருந்தது. 2021-ல் அது தொட்டிச் சுவரில் திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும் வீடியோ வெளியானது, உலகமே பார்த்தது. 2023 மார்ச்சில் அங்கேயே இறந்தது. ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேலும் நீந்தக்கூடிய உயிர், நாற்பது வருஷத்துக்கும் மேல் சுவருக்குச் சுவர் சுற்றியிருக்கிறது. அதற்குச் சோறு போட்டோம், வைத்தியம் பார்த்தோம் என்பதெல்லாம் எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

கனடாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-லேயே திமிங்கலத்தையும் டால்ஃபினையும் காட்சிக்காக அடைத்து வைப்பதற்குத் தடை போட்டார்கள். ஆனால் ஏற்கெனவே தொட்டியில் இருந்தவற்றை அங்கேயே வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2025 அக்டோபரில் என்ன நடந்தது பாருங்கள்: அதே மரைன்லேண்ட் பூங்கா மூடிக் கிடந்தது, உள்ளே 30 பெலூகா திமிங்கலங்கள். சீனாவில் இருக்கும் இன்னொரு காட்சிக்கூடத்துக்கு அனுப்ப அமைச்சர் அனுமதி மறுத்தார். அவர் மறுத்தது சரி. உடனே நிர்வாகம், அரசு பணம் தராவிட்டால் அவற்றைக் கருணைக்கொலை செய்ய நேரும் என்று எழுதியது. விலங்கு வந்து இறங்கிய பிறகு எந்த முடிவு எடுத்தாலும் அடி அதற்குத்தான்.

நம் நாட்டில் இன்று அப்படி ஒரு தொட்டி இல்லை. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2013 மே மாதம் அனுப்பிய சுற்றறிக்கையில், டால்ஃபின் காட்சிக்கூடம் கேட்டு வரும் எந்தத் திட்டத்தையும் மாநிலங்கள் ஏற்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. டால்ஃபின்களை மனிதரல்லாத ஆட்களாகவே கருத வேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் சொல்வதையும் அதிலேயே எடுத்துக் காட்டியது. அரசுத் தாளில் அப்படி ஒரு வரி வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். ஆனால் அது சுற்றறிக்கை, ஐயா. இன்னொரு சுற்றறிக்கை வந்தால் போய்விடும். நம் கடலில் பிடிப்பதை வன உயிரினச் சட்டம் தடுக்கிறது, சரி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தால்? 1990-களின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்தில் அதுதான் நடந்தது. பல்கேரியாவிலிருந்து காட்சிக்காகக் கொண்டுவந்த டால்ஃபின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின.

சுற்றுலா என்று பேச்சு வந்தாலே யாராவது டால்ஃபின் ஷோவை இழுக்கிறார்கள். துபாய் போய்வந்தவர்கள் போனில் வீடியோ காட்டுகிறார்கள், எங்கள் பிள்ளைகளும் ஆசையாகத்தான் பார்க்கிறார்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்பார்கள். தொட்டியில் பந்து தட்டுவதைப் பார்த்துப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்றால் அதன் அளவாவது புரியும். கடலுக்குள் கூட்டிப்போனால் ஓங்கல் (டால்ஃபினுக்கு எங்கள் பெயர்) படகுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போவதை எங்கள் ஆட்களே காட்டுவார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். திமிங்கலம், டால்ஃபின் எதையும் காட்சிக்காக அடைத்து வைக்கவோ அதற்காக இறக்குமதி செய்யவோ தமிழ்நாட்டில் அனுமதி இல்லை என்று அரசாணை வெளியிடுங்கள். 2013 சுற்றறிக்கையில் உள்ளதை வன உயிரினச் சட்டத்திலேயே சேர்க்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு எழுதுங்கள். அப்புறம், கரை ஒதுங்கும் உயிர்களை மீட்க எங்கள் கடலோர ஊர்களில் இளைஞர்களுக்குப் பயிற்சியும், தூக்கிச் செல்லும் விரிப்பு போன்ற சாமான்களும் கொடுங்கள். அன்று எங்களிடம் இருந்தது சாக்கும் குடமும் கயிறும்தான்.

இந்த மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மணப்பாடு கரையில் அன்று நின்ற ஒருவன்