கடைசி வாய்க்காலுக்கும் ஒரு பாடவேளை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். 2012இல் அந்தப் பீடம் தொடங்கியபோது, எங்கள் பக்கத்துக்கும் இஞ்சினியர் படிப்பு வந்துவிட்டதென்று ஊரே சந்தோசப்பட்டது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் ஒரு குறை இருக்கிறது: அந்தப் படிப்புக்குள் சமாதானத்துக்கும் சமூக நீதிக்கும் இடம் போதாது.

நான் நாவிதன்வெளியில் மூன்றரை ஏக்கர் வேளாண்மை செய்கிறவன். கல்லோயா இடதுகரை வாய்க்காலின் வால் பக்கம். மேலே இங்கினியாகலை அணைக்கட்டில் திறக்கிற தண்ணீர் எங்களிடம் வரும்போது பாதி தண்ணீர், பாதி பிளாஸ்டிக் போத்தல்.

போன சிறுபோகத்துக்கு முன் எங்கள் கிளை வாய்க்காலைக் கொங்கிறீட் போட்டுத் திருத்தினார்கள். வேலை சுத்தமான வேலை. ஆனால் எங்கள் வயலுக்குத் திரும்பும் மதகை வாய்க்கால் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்துவிட்டார்கள். மேலே உள்ளவர்கள் எடுக்கிற நாட்களில் இங்கே கணுக்காலளவுதான் ஓடும். அது மதகை எட்டாமலே தாண்டிப் போகும். லீவில் வந்த மகள் விடிய நாலு மணிக்கு டோர்ச்சோடு என் பின்னால் வந்து, அடிமட்டத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள்.

"என்ன மகள்?"

"வாய்க்கால் நிறைய ஓடுமெண்டு நினைச்சுக் கீறியிருக்கிறாங்க அப்பா. கணக்குப் பிழையில்ல."

கணக்குப் பிழையில்லை, தண்ணீர்தான் இல்லை! கீறியவர் பக்கத்து வயல் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாலு ஏச்சோடு சேர்த்து இதையும் சொல்லியிருப்பா.

இதே இடதுகரையில் 1981இல் வேறு மாதிரி நடந்தது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் படித்த இளைஞர்களை விவசாயிகளுக்குள்ளேயே கொண்டுவந்து இருத்தின. அவர்கள் முதலில் வரைபடத்தை விரிக்கவில்லை, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். விவசாயிகள் தாங்களே வாய்க்கால் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் எடுத்து, மிச்சம்பிடித்ததைக் கீழே விட்டார்கள். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர், கீழே இருந்தவர்கள் தமிழர். இந்தக் கல்லோயாவில் தமிழரைத் தாக்கிய 1956 கலவரத்தைப் பற்றி என் அப்பா வாய் திறக்கவே மாட்டார். அப்படிப்பட்ட வாய்க்காலில்தான் இது நடந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு இது கம்பஸில் தெரியவரவில்லை, அப்பப்பாவின் கதையாகத்தான் தெரியும்.

தூரத்துக்குப் போகவும் தேவையில்லை. பீடத்துக்குப் பக்கத்திலேயே ஒலுவில் துறைமுகம் கிடக்கிறது. வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. அலை எப்படி மணலைத் தள்ளும் என்பது ஒரு பாடம், சரி. தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் போனவனுக்கு யார் பதில் சொல்வது என்பது எந்தப் பாடத்தில் வருகிறது?

சமாதானம், சமூக நீதி என்று தனியாக ஒரு பாடம் வைத்து, அதற்கும் ஒரு சோதனை வைத்தால், பிள்ளைகள் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். பயிற்சிக் காலத்தில் இரண்டு கிழமையை ஒதுக்கி, தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளைக் கலந்து வாய்க்காலின் தலையில் ஒரு கிழமை, வாலில் ஒரு கிழமை தங்க வையுங்கள். பீடத்தார் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த சிறுபோகத்துக்கு எங்கள் வீட்டில் நாலு பேர் தங்கலாம். சோறும் குளத்து மீனும் நாங்கள் தருவோம். நுளம்பு வலையை மட்டும் அவர்களே கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நாவிதன்வெளி.