சுபேதார் அண்ணாச்சிக்கு, கொடை ராத்திரி சொல்லாமல் விட்டது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்களும் மதினியும் சுகந்தானே? கோயில் கொடை முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. வில்லுப்பாட்டு இடைவேளையில் நீங்க சொன்ன ரெண்டு பேச்சு மட்டும் எனக்குள்ளேயே கிடக்கிறது. "தென்கொரியா மாதிரி, பதினெட்டு வயசானா எல்லாப் பயலையும் ரெண்டு வருஷம் கட்டாயமா பட்டாளத்துக்கு அனுப்பணும்லே, அப்பதான் நாடு உருப்படும்." இது ஒன்று. "அணுகுண்டை எதுக்கு வச்சிருக்கோம்? ஒண்ணு போட்டா பாகிஸ்தான்காரன் அடங்கிருவான்." இது ரெண்டாவது. சுற்றி நின்ற இளவட்டங்கள் கைதட்டினார்கள். இருபத்தெட்டு வருஷம் சீருடை போட்டவருக்கு முன்னால், மோட்டார் காயில் கட்டுகிறவன் என்ன பேச என்று நான் வாய் திறக்கவில்லை. அது தப்பு என்று இப்போது படுகிறது. நீங்க ஊர் கேட்கச் சொன்னீங்க. நானும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

பட்டாளம் வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. ஆயுதம் பறிபோனால் என்ன நடக்கும் என்று நம்ம சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கினார்கள். அந்த வருஷக் கடைசியில் பாளையக்காரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்கணும் என்று கிழக்கிந்தியக் கும்பினி உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு எத்தனை காலம் குனிந்து கிடந்தோம்! நாட்டுக்குக் காவல் வேணும். அந்தக் காவலுக்கு யாரை அனுப்புகிறோம், அனுப்பினவனுக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் என் பேச்சு.

போன மாசம் காலை அஞ்சரை மணிக்கு, வற்றின குளத்துக்குள்ளே பட்டாளத் தேர்வுக்காகப் பயல்களை நீங்க ஓட விட்டதைக் கரையில் நின்று பார்த்தேன். எங்க அக்கா மகன் கடைசிச் சுற்றில் நொண்டிக்கொண்டு வந்தான். கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதத்தை உங்க மடியில் தூக்கி வைத்து, ஊக்கால் நோண்டி உடைமுள்ளை எடுத்தீங்க. எடுத்த முள்ளை அவன் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கே அழுதா சியாச்சின்ல என்னலே செய்வ?" என்று கேட்டீங்க. அவன் சிரித்தான். மறுநாளும் இருட்டோடு எழுந்து ஓடி வந்தான். 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மார்க் என்று அவனுக்கு வெறி. அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அண்ணாச்சி. அந்த முள்ளோடு ஓடினானே, அதை எந்தச் சட்டம் போட்டு வாங்க முடியும்?

அரசியல் சட்டம் வழி விட்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். 23-ஆவது பிரிவில், பொதுக் காரியத்துக்காகக் கட்டாய சேவை வாங்க அரசுக்கு உரிமை உண்டு. மதம், இனம், சாதி, வர்க்கம் என்று பேதம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இருந்தும் 1962-இல் சீனா அடித்தபோதுகூட நாம் கட்டாயப் படைக்குப் போகவில்லை. ரெண்டாம் உலகப் போரில் இந்தியப் படைக்குப் போன 25 லட்சம் பேரும் தாங்களாகப் பெயர் கொடுத்தவர்கள்தான், பசிக்காகப் போனவர்களும் அதில் உண்டு என்றாலும்.

கணக்கையும் பாருங்க. வருஷத்துக்கு ரெண்டு கோடிக்கு மேல் பிள்ளைகள் பதினெட்டைத் தொடுகிறார்கள். ஆண்பிள்ளைகளை மட்டும் எடுத்தாலும் ஒரு கோடிக்குக் குறையாது. ரெண்டு வருஷம் என்றால் எப்போதும் ரெண்டு கோடிப் பேர் பாரக்கில் இருப்பார்கள். நம்ம தரைப்படையே ஏறக்குறைய 12 லட்சம் பேர்தான். அத்தனை பேருக்கும் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுக்க உங்களை மாதிரி எத்தனை சுபேதார் வேணும்? இருக்கிற காசெல்லாம் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் போய்விட்டால், ராடாருக்கும் நீர்மூழ்கிக்கும் எங்கே போக? நீங்க சொன்ன தென்கொரியாவில் நம்ம தமிழ்நாட்டைவிட ஜனம் குறைவு, எல்லைக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் எதிரி. அவர்களுக்கு ஆள் பஞ்சம். நமக்கு என்ன பஞ்சம்? 2020-லிருந்து ரெண்டு வருஷம் ஆள்சேர்ப்பு நின்றுபோனபோது, வயசு தாண்டிவிடுமே என்று தவித்த பயல்களை நீங்களே கையில் பிடித்துத் தேற்றினீங்க. வாசலில் இத்தனை பேர் காத்து நிற்க, வர மனசில்லாதவனை ஏன் இழுத்து வரணும்?

அப்படியே சட்டம் வந்தாலும் யார் பிள்ளை போவான் என்று யோசித்தீங்களா? காசு உள்ளவன் மகன் மேல்படிப்பு என்று வெளிநாட்டுக்குப் போய்விடுவான். வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவன் மகன்தான் மாட்டுவான். அமெரிக்காக்காரன் வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள் எடுத்தபோது, கல்லூரியில் படிக்கிறவனுக்குத் தவணை கொடுத்தான். படிக்க வசதி இல்லாதவன் முதலில் போனான்.

என் மனசு உண்மையில் கொதிக்கிற இடம் வேறே. 2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. நாலு வருஷ வேலை. முடிவில் நூற்றுக்கு இருபத்தஞ்சு பேர் வரைக்கும்தான் உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் சேவா நிதி என்று பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வாங்கிக்கொண்டு ஊர் திரும்பணும், அதிலும் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது. உங்க சட்டைப் பையில் இருக்கிற கேன்டீன் கார்டு அவனுக்கு வராது. உங்களுக்கு முட்டி வலித்தால் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, அவன் எங்கே போவான்? படை இளமையாக இருக்கணும் என்று அரசு சொல்கிற காரணம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் உயிரைக் கொடுக்கத் தயார் என்று வருகிறவனோடு நாடு போடுகிற ஒப்பந்தம் இவ்வளவு சின்னதாக இருக்கலாமா? எல்லாரையும் கட்டாயமாக அனுப்பணும் என்று ஊர் கேட்கச் சொல்கிற உங்க குரல், தானாக வந்தவனைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொள் என்று கேட்டால் அதற்கு எவ்வளவு மரியாதை இருக்கும்! முதல் அணிக்கு நாலு வருஷம் 2026 கடைசியில்தான் நிறையத் தொடங்கும். எங்க அக்கா மகன் அதற்குப் பிந்தின அணியில் போகப்போகிறவன்.

இனி குண்டு.

அன்றைக்கு நீங்க உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தால், விஜயநாராயணம் நேவி டவர்களின் சிவப்பு வெளிச்சம் வரிசையாகத் தெரியும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-லிருந்து நிற்கிறது. அது எதற்கு என்று நம்ம ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பியும் காந்தமுமாகவே பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. சாதாரண ரேடியோ அலை உப்புத்தண்ணிக்குள் இறங்காது. அலையின் நீளம் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகிற மிகத் தாழ்ந்த அதிர்வெண் என்றால், கடலுக்குள் பத்து, இருபது மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். அதை வீசத்தான் அவ்வளவு உயரக் கம்பம். மேலே தலை காட்டாமலேயே நீர்மூழ்கி அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த அலையிலேயே அங்கிருந்து பதில் அனுப்ப முடியாது, ஒரு வழிப் பேச்சுதான்.

அரிஹந்த் மாதிரி அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கி எதற்கு? எதிரி முந்திக்கொண்டு தரையில் உள்ளதையெல்லாம் அழித்தாலும், திருப்பி அடிக்கிற கை ஒன்று கடலுக்கடியில் மறைந்து கிடக்கும். அது தெரிந்தால் அவன் முந்த மாட்டான். நாமும் பயந்துபோய் முந்த வேண்டியதில்லை. 2003 ஜனவரி 4-இல் அரசு வெளியிட்ட கொள்கையும் அதுதான்: முதலில் நாம் போட மாட்டோம், நம்ம மேல் விழுந்தால் தாங்க முடியாதபடி பதில் கொடுப்போம். 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பொக்ரானில் நின்று, இனிமேல் நிலைமையைப் பொறுத்து என்று சொன்னபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கொள்கையில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று நினைக்கிறவன் நான். 'ஒண்ணு போட்டா அடங்கிருவான்' என்றீங்களே, அவனிடமும் குண்டு இருக்கிறது. ஒன்றோடு நிற்காது.

விழுந்தால் எங்கே விழும்? ஒரு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறார்கள். இன்னொரு பக்கம் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுகிறது. பக்கத்திலேயே இந்த டவர்கள். டெல்லியில் இருக்கிறவனைவிட நாங்குநேரிக்காரன் இதைப் பற்றி நிதானமாகப் பேசக் கடமைப்பட்டவன். 1988 டிசம்பர் 31-இல் நம்ம பிரதமர் ராஜீவ் காந்தியும் பாகிஸ்தான் பிரதமர் பேநசீர் பூட்டோவும் இருந்து ஓர் ஒப்பந்தம் ஆயிற்று: ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. 1992-லிருந்து ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ரெண்டு நாடும் அணு நிலையப் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் நடந்த 1999-க்கு அடுத்த ஜனவரியும் அது நிற்கவில்லை. கூடங்குளத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதமும் ஒரு காவல்தான், அண்ணாச்சி. அந்த இளவட்டங்களிடம் இதையும் நீங்க சொல்லணும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்க சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் பயல்களைக் கரையில் உட்கார வைத்து, நாலு வருஷக் கணக்கை விலாவாரியாகச் சொல்லுங்க: மாசம் கையில் எவ்வளவு வரும், எவ்வளவு பிடிப்பார்கள், வெளியே வந்தபின் என்ன பரீட்சை எழுதலாம் என்று. தெரிந்துகொண்டு போகட்டும். நானும் வந்து உட்காருகிறேன். உங்க ஸ்டாப்வாட்சைக் கழற்றிச் சுத்தம் பண்ணி பேட்டரி மாற்றிவிட்டேன், மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்க தம்பி,
நாங்குநேரி