பத்து நிமிடம், ஐந்து பாடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, பயணம் எல்லாம் போக ஆன்மிகத்துக்கு நேரமே மிஞ்சுவதில்லை என்று தங்கள் இதழில் வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்கினால்தான் உண்டு என்று நினைப்பதால் வரும் தயக்கம் இது. சிவாலயங்களில் பூசையின்போது ஓதுவார் பாடும் பஞ்சபுராணத்தை வீட்டிலும் பாடலாம். திருமுறை வகுப்பு நடத்துகிறவர்கள் என்ற முறையில் அதற்கான வழியைச் சொல்கிறோம்.

தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல்; இவ்வளவுதான் பஞ்சபுராணம். 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கி, அப்படியே சொல்லி முடிப்பது வழக்கம். நிதானமாகப் பாடினால் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். பாட வராதவர் வாய்விட்டு வாசித்தால் அரை நிமிடம். எப்படிப் பார்த்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பலர் முதல் நாளே ஒரு பதிகம் முழுவதையும் பாட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பதிகத்தில் பெரும்பாலும் 10 அல்லது 11 பாடல்கள் இருக்கும். முழுதும் பாட பதினைந்து நிமிடமாவது ஆகும், மறுவாரமே நின்றுபோகும். முதல் வாரம் ஒரே ஒரு பாடல் போதும். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துவந்தால் ஐந்தாம் வாரத்தில் பஞ்சபுராணம் நிறைந்துவிடும். ஆறாம் வாரத்திலிருந்து மற்ற நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு தேவாரப் பாடலை மட்டும் மாற்றலாம். ஆண்டு முடிவதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட தேவாரப் பாடல்கள் மனப்பாடமாகிவிடும்.

எதை எடுப்பது? சொந்த ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ பதிகம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று சோழநாட்டில் மட்டுமே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 190 உள்ளன. சம்பந்தர் பதிகமானால் முதல் பாடலை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால் பத்தாம் பாடல் வந்து நிற்கலாம். அது பெரும்பாலும் சமண, பௌத்தர்களைச் சாடுவது. குழந்தைகளுக்கு அதில் தொடங்க வேண்டியதில்லை. திருப்பல்லாண்டில் 'பல்லாண்டு கூறுதுமே' என்ற முடிப்பு திரும்பத் திரும்ப வருவதால் சிறுவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அடியை மட்டும் அவர்களிடம் விட்டுவிடலாம்.

இசை தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். தாளத்தோடு பண்ணாங்கமாகவும் பாடலாம், தாளமின்றிச் சுத்தாங்கமாகவும் பாடலாம். புதியவர்களுக்கு ஏற்றது இரண்டாவதுதான். அப்பரின் திருத்தாண்டகங்களை அரிகாம்போதி ராகத்தில் தாளமின்றிப் பாடுவதே வழக்கம். அடி நீளமாயிற்றே என்று அஞ்ச வேண்டாம், எட்டுச் சீரில் நான்காவது முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். திருவாசகத்துக்கு மோகன ராகம். பண்களில், அதாவது தேவாரத்தின் பழைய ராகங்களில், பகற்பண், இராப்பண் என்ற பாகுபாடு உண்டு. விடியற்காலையில் பாடுகிறவர்களுக்குப் பூபாளமாகப் பாடப்படும் புறநீர்மை பொருந்தும். ஆனாலும் வீட்டில் இதைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

சுருதியைவிடப் பெரிய சிக்கல் சொற்பிரிப்பு. 'தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண்மதி சூடி' என்பதில் பலரும் 'விடையேறியோர்' என்று நிறுத்துகிறார்கள். விடையில், அதாவது காளையில், ஏறியவர்கள் என்று பலர் வந்துவிடுகிறார்கள்! விடை ஏறி, ஓர் தூவெண்மதி சூடி என்று பிரித்தால்தான் பொருள் நிற்கும். சீர் பிரித்து அச்சிட்ட நூல் யாப்புக் கற்பவருக்கு நல்லது, பாடத் தொடங்குகிறவருக்குச் சந்தி பிரித்த, அதாவது சேர்ந்த சொற்களைத் தனித்தனியாகப் பிரித்த பதிப்பே வேண்டும்.

ஒலிப்பதிவைச் சமையலறையில் ஓடவிட்டுக் காய் நறுக்குவது கேட்பதுதான், ஓதுதல் ஆகாது. ஓர் அடியைக் கேட்டு, நிறுத்தி, மூன்று முறை திருப்பிப் பாடினால் அதே பதிவு ஆசிரியராகிவிடும். ஆண் குரல் பதிவோடு பெண்கள் சேர்ந்து பாடினால் கீழ்ச்சுருதியில் சொல் அமுங்கும், மேலே போனால் தொண்டை கட்டும். சுருதியை ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டையை ஒட்டி வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஒருவராக முறை வைத்துப் பாடுவது எளிது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்ட வேண்டாம். மாலை ஆறு மணி என்று வைத்தால் எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் முதல் வாரமே விலகிவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்தால் முறை மாறி வேலைக்குப் போகிறவருக்கும் ஒத்துவரும். இன்னொன்று, சின்னதுதான்: மின்விசிறி ஓடினால் விளக்கு நிற்காது, சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. பல வீடுகளில் பழக்கம் விட்டுப்போவது அந்த மாதத்தில்தான். கண்ணாடிக் கூண்டு உள்ள விளக்கை வாங்கிவிடுங்கள். திரியின் நுனியைக் குட்டையாக வைத்தால் கரியும் படியாது.

தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வாரம் ஒரு தேவாரப் பாடலைச் சந்தி பிரித்து, பண்ணும் தலமும் குறித்து, இரண்டு வரிப் பொருளோடு வெளியிட முடியுமா? கத்தரித்துப் பூசை அறையில் ஒட்டும் அளவில், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
திருமுறை வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
மயிலாடுதுறை.