காலி நாற்காலியில வந்து உக்காந்த அக்காவுக்கு

புகாரைக் கேட்டு எழுதுற போலீஸ் டெஸ்ட்டுல போன தடவை ஃபெயிலாகி, திரும்பப் போன டெஸ்ட்டோட ரிசல்ட் வந்து மூணு நாள் ஆகுது. பாஸ் பண்ணிட்டேன். அந்தப் பேப்பரை இன்னும் யூனிஃபார்ம் பாக்கெட்லயே வச்சிட்டுத் திரியுறேன், பாரா மாறும்போது, ஜீப்ல போகும்போது எல்லாம் எடுத்து எடுத்துப் பாக்குறேன், மடிச்ச இடத்துல கிழிய ஆரம்பிச்சிருச்சு. போன தடவை என்ன நடந்துச்சு, அதுக்கப்புறம் நான் எப்படிக் கெடந்தேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதுற தெம்பு எனக்கு இல்ல, எழுதவும் வேணாம். அந்த ரெண்டு மாசம் என்னைத் தாங்கிப் பிடிச்சவங்களுக்கு நன்றி சொல்லணும், அதுவும் நெஞ்சு இப்படி நெறைஞ்சு கெடக்கும்போதே சொல்லிரணும், நாளைக்கு பந்தோபஸ்து டியூட்டின்னு எங்கயாவது தூக்கிப் போட்டா அப்புறம் எழுதவே முடியாது.

எல்லாரையும் சொல்லத்தான் போறேன். ஆனா மொதல்ல ஒருத்தங்களைப் பத்தி நெறையச் சொல்லணும். எங்க ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்குற அக்கா. அறுபது வயசு இருக்கும், ஆனா ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் அய்யா வரைக்கும் எல்லாருக்கும் அவங்க அக்காதான்.

எனக்கு செக்ஷன் தெரியாம இல்லை. வேலைக்குப் படிச்ச காலத்துல கொலைக்கு 302, திருட்டுக்கு 379, மோசடிக்கு 420 எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். 2024 ஜூலை 1-ல சட்டம் மொத்தமா மாறுனதும் அதெல்லாம் 103, 303, 318-ன்னு ஆயிருச்சு, 511 பிரிவு இருந்த ஐ.பி.சி-ங்கிற பழைய இந்திய தண்டனைச் சட்டம் போயி 358 பிரிவோட பி.என்.எஸ்-ங்கிற பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு, சரி, அதையும் உக்காந்து மனப்பாடம் பண்ணேன். அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்குப் பழைய செக்ஷன்தான் போடணும்ங்கிறதால பழசையும் மறக்க முடியாது, ரெண்டையும் தலைக்குள்ள வச்சுக்கணும். அதுவும் முடிஞ்சுது. பரேடும் பரவாயில்ல, ஃபயரிங்கும் தேறுனேன். என்னைக் கவுத்தது வேற. எதிர்ல ஒரு ஆளு உக்காந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சா எனக்குக் கை ஓடாது. அவங்க சொல்றது காதுல விழும், பேப்பர்ல வேற வந்து விழும். மேற்படி நபர், மேற்படி இடம், மேற்படி நாளில்னு நானா ஒன்னு எழுதி வச்சிருப்பேன். டிரெய்னிங்ல ஒரு சார் படிச்சுப் பாத்துட்டு, "இது நீ குடுக்குற கம்ப்ளெயின்ட்டும்மா, அவங்களோடது எங்க?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்லை.

ரீ-டெஸ்ட்டுக்கு இருபத்தஞ்சு நாள் இருக்கு. சாயங்காலம் ரோல் கால் முடிஞ்சு எல்லாரும் கெளம்பினதும், ஸ்டேஷன் எழுத்து வேலை நடக்குற ரைட்டர் ரூம்ல எனக்கு எதிர்ல ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கிட்டு, "சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு"ன்னு நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே எழுதிக்கிட்டிருந்தேன். அக்கா வெளக்கமாத்தோட வாசப்படியில நின்னுட்டு இருந்திருக்காங்க, நான் கவனிக்கல. "யாருகிட்ட தாயி பேசுற?"ன்னாங்க. எனக்கு அழுகை வந்திருச்சு. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எனக்கு நடிக்கல்லாம் தெரியாது. நடந்ததைச் சொல்றேன், எழுதிப் பழகிக்க"ன்னு சொல்லிட்டு வெளக்கமாத்தை செவுத்துல சாத்திட்டு வந்து தரையில உக்காரப் போனாங்க. நாற்காலியில உக்காருங்கக்கான்னேன். "இந்த நாற்காலியைப் பத்து வருசமா தொடைக்கிறேன் தாயி, உக்காந்தது கெடையாது"ன்னாங்க. கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். நுனியில உக்காந்தாங்க, சாயவே இல்லை.

அவங்க சொன்ன மொதக் கம்ப்ளெயின்ட் ஆடு களவு போனது. பல வருசத்துக்கு முன்னாடி அவங்களுக்கே நடந்தது. மாமியா செத்ததுல ஆரம்பிச்சாங்க, கருமாதிக்கு வாங்குன கடன், அதை அடைக்க வளத்த வெள்ளாடு, அந்த வருசம் கம்மாய்ல தண்ணி இல்லாம போனது, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேச்சுவார்த்தை நின்னது, எல்லாம் வந்துச்சு, ஆடு வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆச்சு. நான் எழுதி முடிச்சுப் படிச்சுக் காட்டுனேன். "எனக்குச் சொந்தமான ஆடு ஒன்றை அடையாளம் தெரியாத நபர்கள் திருடிச் சென்றுவிட்டனர்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அக்கா என் மூஞ்சியவே பாத்தாங்க. "இதுல எங்க செவல எங்க இருக்கு தாயி? வலது காது கிழிஞ்சிருக்கும்னேனே. சினையா இருந்துச்சுன்னேனே. படலைத் தொறந்து கொட்டகைக்குள்ள வந்து அவுத்துட்டுப் போயிருக்கான்னு சொன்னேனே, அது எங்க?"

நான் அப்படியே உக்காந்திருந்தேன். ஏன்னா அவங்க கேட்ட மூணும்தான் கேஸு. காது கிழிஞ்சது இல்லாம நாளைக்கு சந்தையில நூறு செவலை ஆட்டுல அவங்க ஆட்டை எப்படி அடையாளம் காட்ட முடியும்? வேப்பமரத்தடியில கட்டிக் கெடந்த ஆட்டைக் களவாண்டா 303(2), மூணு வருசம் வரைக்கும். அதே ஆடு கொட்டகைக்குள்ள இருந்து போயிருந்தா 305, ஏழு வருசம் வரைக்கும் போகும், ராத்திரி உள்ள பூந்து எடுத்திருந்தா, அதுக்கு மேல அத்துமீறி உள்ள நுழைஞ்சதுக்கான 331 சேருமான்னு பாக்கணும். சினையா இருந்துச்சுங்கிறது ஆட்டோட மதிப்பு. 5,000 ரூபாய்க்குக் கீழ இருந்து, மொதத் தடவை தண்டனைக்காரனா இருந்து, பொருளைத் திருப்பிக் குடுத்துட்டான்னா சமூக சேவைதான் தண்டனை. எழுதப் படிக்கத் தெரியாத, கைநாட்டு வைக்கிற ஒரு அம்மா எது முக்கியம்னு சரியா எடுத்து வச்சிருக்காங்க, அத்தனை செக்ஷனையும் மனப்பாடம் பண்ண நான் அதைத் தொலைச்சிருக்கேன். வாயால சொன்ன புகாரை எழுதுனதும் சொன்னவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், கையெழுத்து வாங்கணும், காப்பி இலவசமா கையில குடுக்கணும்னு, போலீஸ் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற புது நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் 173-ல இருக்கு. ரெண்டு மார்க் கேள்வியா நெனச்சு அதைப் படிச்சிருந்தேன். ஏன் அப்படி ஒரு வரி சட்டத்துல வச்சிருக்காங்கன்னு அன்னைக்கு ராத்திரிதான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் தெனமும் வந்தாங்க. ஒரு நாள் பாதைத் தகராறு, ஒரு நாள் சீட்டுப் பணம் ஏமாந்தது, ஒரு நாள் சொந்தக்காரப் பையன் வண்டி மோதிச் செத்தது. எல்லாமே ஊர்ல நடந்தது, எதுவுமே மொதல்ல இருந்து ஆரம்பிக்காது. மக கதையைச் சொன்ன அன்னைக்கு நான் 85, புருசன் வீட்டுக் கொடுமைன்னு மனசுக்குள்ள செக்ஷனைப் பிடிச்சிட்டு வேகமா எழுதுறேன், அவங்க பேச்சை நிறுத்திட்டாங்க. "குனிஞ்சுக்கிட்டே இருக்கியே தாயி, யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல. மொதல்ல கேளு. பெறகு எழுது"ன்னாங்க. பேனாவை மூடி வச்சேன். அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசுனாங்க. அதுல பாதியை நான் எழுதவே இல்லை, எழுதவும் மாட்டேன்.

இன்னொன்னும் சொல்லணும். அக்கா சாயங்காலம் போற பஸ் பெண்களுக்கு இலவசமா விட்ட பிங்க் கலர் டவுன் பஸ். எனக்காக உக்காந்த அத்தனை நாளும் அதை விட்டுட்டு, அதுக்கப்புறம் வர்ற ரூட் பஸ்ல டிக்கெட் எடுத்துப் போயிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. டெஸ்ட்டுக்கு மொத நாள் டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். பணத்தைக் குடுக்கப் போனா வாங்கல, "பாஸாயிட்டு வா"ன்னாங்க.

டெஸ்ட் அன்னைக்கு எனக்கு வந்தது மோட்டார் திருட்டு. கிராமத்துக்காரர் மாதிரி ஒரு ஏட்டையா வந்து நின்னாரு, அழுதுக்கிட்டே நாலு கதையைக் கலந்து சொல்றாரு. எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது நாற்காலிதான். எந்திரிச்சுப் போயி அதை இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேட்டேன். முழுசாக் கேட்டேன். பெறகுதான் பேனாவைத் தொறந்தேன். மோட்டார் கெணத்து மேட்டுல வெளியில இருந்துச்சா, ரூமுக்குள்ள இருந்துச்சா, ரூமுக்குப் பூட்டு இருந்துச்சா, மோட்டார் மேல ஏதாவது அடையாளம் உண்டான்னு ஒவ்வொன்னாக் கேட்டு, அவரு பேசுன பேச்சுலயே எழுதுனேன். படிச்சுக் காட்டும்போது ஒரு இடத்துல "ஞாயித்துக்கிழமைன்னு நான் சொல்லலியே"ன்னு நிறுத்துனாரு. வேணும்னே வச்ச சோதனையோ, நான் தப்பாக் கேட்டேனோ, தெரியல. கை நடுங்கல. அவரு சொன்னபடி திருத்தி, அந்த இடத்தைத் திரும்பப் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கி, காப்பியைக் கையில குடுத்தேன். பக்கத்துல இருந்த அதிகாரி நிமிந்து பாத்துட்டு "நெக்ஸ்ட்"னாரு. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன், கால் நிக்கல.

அக்காவுக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்றது. செவல களவு போன வருசம் அவங்க ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. எந்த ஸ்டேஷன்ங்கிறது இங்க வேணாம். கேட்டுக்கு எதிர்ல மரத்தடியில காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நின்னுருக்காங்க. யாரும் வெரட்டல. யாரும் என்னன்னு கேக்கவும் இல்ல. வெயில் ஏறுனதும் வீட்டுக்கு வந்துட்டாங்க. அந்தக் கம்ப்ளெயின்ட்டை மொத மொதலா அவங்ககிட்ட வாங்குனது நான், அதுவும் பயிற்சிக்கு. அதை நெனச்சா எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது. அக்கா, உங்ககிட்டயும் இதைப் படிக்கிற எல்லார்கிட்டயும் சொல்றேன், நான் சர்வீஸ்ல இருக்குற வரைக்கும், எந்த ஸ்டேஷனா இருந்தாலும், கேட்டுக்கிட்ட நிக்கிற ஆளை என்னன்னு கேக்காம நான் உள்ள போக மாட்டேன். வந்தவங்களை உக்கார வைப்பேன். எழுதுனதைப் படிச்சுக் காட்டுவேன். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும், எஃப்.ஐ.ஆரோ, புகார் வாங்குனதுக்கான சி.எஸ்.ஆர் ரசீதோ, கையில ஒரு பேப்பர் இல்லாம அனுப்ப மாட்டேன்.

மத்தவங்களையும் விட்டுரக் கூடாது. ரைட்டர் ஏட்டையா, இடது பக்கம் பழைய செக்ஷன், வலது பக்கம் புது செக்ஷன்னு லாங் சைஸ் நோட்டு முழுக்க உங்க கையால எழுதிக் குடுத்தீங்க, நடைமுறைச் சட்டத்துல புகார் பதியுற 154-க்கு 173, சாட்சியை விசாரிக்கிற 161-க்கு 180, சந்தேக மரணத்துக்கான 174-க்கு 194-ன்னு கோடு போட்டு, செவப்பு மையில. ரிட்டயர்டு ஆகப் போற நேரத்துல "நானும் இப்பத்தாம்மா மொதல்ல இருந்து படிக்கிறேன்"னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு எவ்வளவு தைரியம் குடுத்துச்சு தெரியுமா. ஸ்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வடக்கு எதுன்னு காட்டி ரஃப் ஸ்கெட்ச்சும், சம்பவ இடத்தைப் பாத்து எழுதுற பார்வை மகஜரும் போட வச்ச எஸ்.எஸ்.ஐ (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) அய்யா, சோதனை போடும்போது மொபைல்ல எப்படி விடாம வீடியோ எடுக்கணும்னு நாலு தடவை செஞ்சு காமிச்ச கிரேடு ஒன் கான்ஸ்டபிள் அண்ணன், நான் போன் எடுக்காத நாள்லயும் வாய்ஸ் நோட் போட்டுக்கிட்டே இருந்த பேட்ச்மேட்ஸ், என் டியூட்டியை மாத்தி மாத்திப் பாத்த ரெண்டு லேடி கான்ஸ்டபிள்ஸ், ரூம்ல எனக்காக லைட்டை அணைக்காம முழிச்சுக் கெடந்த தோழி, எல்லாருக்கும் என் நன்றி. 1973-ல தமிழ்நாட்டுல மொத மொதலா காக்கி போட்ட பொம்பளைங்களைப் பத்தி அம்மா நான் சின்னப் பிள்ளையா இருக்கையில சொல்லுவாங்க. அம்மா, நான் வேலைய விட்டுட்டு வந்துரட்டுமான்னு கேட்ட அன்னைக்கு நீ ஒன்னுமே சொல்லாம என் ஷூவை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தியே, அதுக்கும்.

இந்த மடலை நேத்து சாயங்காலம் ரைட்டர் ரூம்ல வச்சு அக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன். நாற்காலியில சாஞ்சு உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டாங்க. ரெண்டு எடத்துல திருத்தச் சொன்னாங்க. செவலைக்கு எடது காது கிழிஞ்சதுன்னு எழுதியிருந்தேன், வலதுன்னாங்க, மாத்திட்டேன். இன்னொன்னு, மக விஷயத்தைக் கொஞ்சம் விவரமா எழுதியிருந்தேன், அது வேணாம்னாங்க. எடுத்துட்டேன். திரும்ப ஒரு தடவை அந்த ரெண்டு எடத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இப்பச் சரி தாயி"ன்னு எந்திரிச்சுப் போனாங்க. பிங்க் பஸ்ஸுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருந்துச்சு.