மாட்டுக்கு யார் தண்ணீர் தருவது?

ஆசிரியருக்கு,

எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும் பிஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் பற்றிய உங்கள் செய்தியில், அமெரிக்கா 2024-இல் அவற்றில் இரண்டு வகைகளுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்ததைப் படித்தேன். சரி, அவை தண்ணீருக்குள் வந்தது எங்கிருந்து என்பதையும் எழுதியிருக்கலாம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் ஊரை ஒட்டி கேனன் விமானப்படைத் தளம் இருக்கிறது. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையைப் பல ஆண்டுகள் அங்கே பயிற்சிக்காகப் பீய்ச்சினார்கள். அதிலிருந்த பிஃபாஸ் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. பக்கத்துப் பால் பண்ணைக்காரருக்கு விஷயம் தெரிந்ததே 2018-இல்தான். மாட்டுப் பாலிலும் ரசாயனம். வாங்க ஆளில்லை என்பதற்காக மடியில் பாலை விட்டுவைக்க முடியுமா? கறந்து கறந்து கீழே கொட்டினார். இறைச்சிக்கு விற்கவும் வழியில்லை. கடைசியில் 3,600-க்கும் மேற்பட்ட மாடுகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் தந்த விமானப்படை, விவசாயத்துக்குத் தர தனக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்றது. நல்ல நியாயம்! 2019-இல் மாநில அரசே விமானப்படை மீது வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றியும் விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி